அலுவலகத்தில் யாருக்கெல்லாம் எம்.எஃப்.ஏ. கட்டாயம்? புதிய அட்மின்களுக்கு ஒரு வழிகாட்டி

அலுவலகத்தில் கொஞ்சம் கம்ப்யூட்டர் தெரிந்தவர் என்பதால் மெயில் அட்மின் பொறுப்பு உங்களிடம் வந்து சேர்ந்திருக்கலாம். அல்லது உங்கள் முதல் ஐ.டி. வேலையே இதுவாக இருக்கலாம். எப்படியானாலும் சீக்கிரமே ஒரு கேள்வி வரும்: “லாகினுக்கு எம்.எஃப்.ஏ. போடணும்னு ஆடிட்டர் சொல்றார். யாருக்கெல்லாம் போடலாம்?”

அதை ஆன் செய்ய ஐந்து நிமிடம் போதும். யாருக்கு, எந்தத் தேதியிலிருந்து, எந்த முறையில், யாருக்கு விலக்கு என்று தீர்மானிப்பதில்தான் வேலை இருக்கிறது. இந்தக் கட்டுரை அந்தத் தீர்மானத்தைப் பற்றியது.

எம்.எஃப்.ஏ. (மல்டி-ஃபேக்டர் அத்தென்டிகேஷன்) என்பது பாஸ்வேர்டை மட்டும் நம்பி உள்ளே விடாமல் இன்னொரு சான்றையும் கேட்பது. அது எஸ்.எம்.எஸ்ஸில் வரும் ஓ.டி.பி.யாக இருக்கலாம். போன் திரையில் “ஆம், நான்தான்” என்று தட்டுவதாக இருக்கலாம். 30 விநாடிக்கு ஒருமுறை மாறும் ஆறு இலக்க எண்ணைக் காட்டும் அத்தென்டிகேட்டர் ஆப்பாகவோ, யு.எஸ்.பி. துளையில் செருகும் செக்யூரிட்டி கீயாகவோ, போனிலேயே சேமிக்கப்பட்டு கைரேகையாலோ திரைப்பூட்டாலோ திறக்கும் பாஸ்கீயாகவோ இருக்கலாம். கூகுள் இதையே 2-ஸ்டெப் வெரிஃபிகேஷன் என்கிறது.

பேசுவதற்கு வசதியாக ஒரு நிறுவனத்தைக் கற்பனை செய்துகொள்வோம். ஆடை ஏற்றுமதி செய்கிறார்கள், அறுபது பேர் வேலை பார்க்கிறார்கள், மெயிலுக்கும் கோப்புகளுக்கும் கூகுள் வொர்க்ஸ்பேஸ் வைத்திருக்கிறார்கள். மைக்ரோசாஃப்ட் 365 பயன்படுத்துபவர்களுக்கான வேறுபாடுகளைக் கடைசியில் சொல்கிறேன்.

தொடங்கும் முன் ஒரு நிலைப்பாடு

பலரும் “முக்கியமானவர்கள் யார்?” என்று பட்டியல் போடுவதில்தான் ஆரம்பிக்கிறார்கள். எம்.டி., அக்கவுண்ட்ஸ், அட்மின் என்று பத்துப் பெயரை எழுதி, மற்றவர்களை விட்டுவிடுகிறார்கள். இதை நேர் தலைகீழாகச் செய்யுங்கள் என்பது என் உறுதியான கருத்து. எல்லாருக்கும் கட்டாயம் என்று முதலிலேயே முடிவு செய்துவிடுங்கள். அப்புறம் யாருக்கு முதலில், யாருக்கு எவ்வளவு கடுமையாக, யாருக்கு எதுவரை விலக்கு என்ற மூன்றை மட்டும் யோசித்தால் போதும்.

இப்படிச் சொல்லக் காரணம் இருக்கிறது. யாரும் கண்டுகொள்ளாத கணக்கு வழியாகத்தான் பெரிய ஊடுருவல்கள் பல நடந்திருக்கின்றன. 2021 மே மாதம் அமெரிக்காவின் கலோனியல் பைப்லைன் நிறுவனம் தன் எரிபொருள் குழாய்ப் பாதையையே நிறுத்த வேண்டி வந்தது. திருடர்கள் நுழைந்தது, பயன்பாட்டிலேயே இல்லாத ஒரு பழைய வி.பி.என். கணக்கு (வெளியிலிருந்து நிறுவன நெட்வொர்க்குக்குள் நுழைய உதவுவது) வழியாக. அதற்குப் பாஸ்வேர்டு மட்டுமே காவல். நிறுவனம் சுமார் 44 லட்சம் டாலர் பிணைத்தொகை கொடுத்தது. 2023 நவம்பரில் மைக்ரோசாஃப்டுக்குள்ளேயே ஒரு ரஷ்யக் குழு நுழைந்து உயரதிகாரிகள் சிலரின் மெயிலைப் படித்தது. அதன் தொடக்கம் எம்.எஃப்.ஏ. இல்லாத ஒரு பழைய சோதனைக் கணக்கு. 2024 பிப்ரவரியில் அமெரிக்க மருத்துவக் கட்டணச் சேவையான சேஞ்ச் ஹெல்த்கேர் முடங்கியபோதும் அதே கதைதான். வெளியிலிருந்து லாகின் செய்யும் ஒரு நுழைவாயிலில் எம்.எஃப்.ஏ. இல்லை என்று அதன் தாய் நிறுவனமான யுனைடெட்ஹெல்த்தின் அப்போதைய தலைமை நிர்வாகி ஆண்ட்ரூ விட்டி அமெரிக்க நாடாளுமன்றத்திலேயே சொன்னார்.

இந்த மூன்று நிறுவனங்களும் எம்.எஃப்.ஏ. என்றால் என்னவென்று அறியாதவை அல்ல. ஏதோ ஒரு கணக்கு, ஏதோ ஒரு வாசல் விடுபட்டுப் போயிருந்தது. அதனால்தான் இந்த வழிகாட்டியில் விலக்குகளைப் பற்றியே அதிகம் எழுதப் போகிறேன்.

படி 1: ஆட்களை விட்டுவிட்டுக் கணக்குகளை எண்ணுங்கள்

அட்மின் கன்சோலில், அதாவது நிறுவனக் கணக்குகளை நிர்வகிக்கும் கூகுள் பக்கத்தில், பயனர் பட்டியலைத் திறந்து, அதை ஒரு ஷீட்டாக டவுன்லோடு செய்யுங்கள். அறுபது பேர் இருக்கும் நிறுவனத்தில் எழுபத்தைந்து எண்பது கணக்குகள் இருந்தால் ஆச்சரியப்பட வேண்டாம். அந்த அதிகப்படிக் கணக்குகள்தான் இந்தப் படியின் நோக்கம்.

இன்ஃபோ, சேல்ஸ், அக்கவுண்ட்ஸ் என்ற பெயர்களில் பொதுக் கணக்குகள் இருக்கும். ஸ்கேன் செய்ததை மெயிலில் அனுப்ப ஜெராக்ஸ் மெஷினுக்கென்று ஒன்று இருக்கும். இணையதளத்தில் வரும் விசாரணைப் படிவத்தை அனுப்ப ஒன்று. போன வருஷம் வேலையை விட்டவர்களின் கணக்குகள், “டெஸ்ட்”, “டிரெய்னிங்” என்று யாரோ உருவாக்கி மறந்தவை. கடைசியாக லாகின் ஆன தேதியும் அந்தப் பட்டியலிலேயே இருக்கும். மூன்று மாதமாக யாரும் தொடாத கணக்குகளைத் தனியாகக் குறித்து, ஒவ்வொன்றுக்கும் யார் பொறுப்பு என்று கேளுங்கள். யாருமே உரிமை கோராததை முதலில் சஸ்பெண்ட் செய்யுங்கள். மெயிலையும் டிரைவ் கோப்புகளையும் இன்னொருவருக்கு மாற்றிய பிறகு நீக்கலாம். நீக்கியதைக் கூகுளில் 20 நாட்களுக்குள் மீட்டுக்கொள்ளவும் முடியும்.

தேவையற்ற கணக்குக்கு எம்.எஃப்.ஏ. போடுவதைவிட அதை மூடுவது நல்லது.

இன்னொரு பட்டியலும் வேண்டும். வொர்க்ஸ்பேஸுக்கு வெளியே உங்கள் நிறுவனத்துக்கு என்னென்ன லாகின்கள் இருக்கின்றன? வலை ஹோஸ்டிங், இ-வே பில், கப்பல் நிறுவனத் தளங்கள், முகநூல் பக்கம் எல்லாவற்றையும் எழுதுங்கள். அதில் முதலாவதாக எழுத வேண்டியது டொமைன் பெயரை வாங்கிய தளத்தின் லாகின். பல இடங்களில் அது முன்பு எப்போதோ இணையதளம் செய்து கொடுத்தவரின் சொந்த மெயிலில் பதிவாகியிருக்கும். அதைப் பிடித்தவர், மெயில் எந்த சர்வருக்குப் போக வேண்டும் என்று சொல்லும் எம்.எக்ஸ். பதிவை மாற்றி, உங்கள் நிறுவனத்துக்கு வரும் மெயில் முழுவதையும் தன் சர்வருக்குத் திருப்பிவிட முடியும். அப்புறம் அறுபது பேருக்கும் நீங்கள் போட்ட எம்.எஃப்.ஏ.வால் பிரயோஜனமில்லை. இந்த ஒரு லாகினை நிறுவனத்தின் பெயருக்கு மாற்றி, எம்.எஃப்.ஏ. போடும்வரை அடுத்த படிக்குப் போகாதீர்கள் என்றே சொல்வேன்.

படி 2: அந்த லாகின் திருடன் கையில் கிடைத்தால் என்ன செய்வான்?

பதவியைப் பார்த்து வரிசைப்படுத்தாதீர்கள். ஒவ்வொரு கணக்குக்கும் நேராக இந்தக் கேள்வியைக் கேளுங்கள். மற்றவர்களின் பாஸ்வேர்டை மாற்ற முடியுமா? பணம் போகும் திசையை மாற்ற முடியுமா? சம்பள விவரம், ஆதார் நகல், வங்கிக் கணக்கு எண் போன்ற பிறருடைய தகவல் அங்கே இருக்கிறதா? வேறு தளங்களின் “பாஸ்வேர்டு மறந்துவிட்டது” மெயில் இந்தக் கணக்குக்கு வருகிறதா? ஒன்றுக்காவது ஆம் என்றால் அது முதல் வரிசை.

இதை ஒரு மெர்ச்சண்டைசரின் கணக்கை வைத்துப் பாருங்கள். வேலைக்குச் சேர்ந்து ஒரு வருஷம்தான் ஆகிறது. சம்பளப் பட்டியலில் கீழே இருப்பவர். ஆனால் வெளிநாட்டு வாங்குநருடன் தினமும் மெயிலில் பேசுவது அவர்தான். அவருடைய பாஸ்வேர்டு போலி லாகின் பக்கம் ஒன்றில் திருடு போகிறது என்று வைத்துக்கொள்வோம். திருடன் உடனே எதுவும் செய்ய மாட்டான். பழைய மெயில்களைப் படிப்பான். எந்த ஆர்டர், எவ்வளவு தொகை, எப்போது பணம் வரவேண்டும் என்று தெரிந்துகொள்வான். பிறகு ஜிமெயிலில் சத்தமில்லாமல் ஒரு ஃபில்டர் போடுவான். அந்த வாங்குநரிடமிருந்து வரும் மெயிலில் ‘பேமென்ட்’ என்ற சொல் இருந்தால் இன்பாக்ஸுக்கு வராமல் நேராகக் குப்பைக்குப் போகும்படி. அடுத்து, அதே மெயில் தொடரில், அதே கையொப்பத்துடன், வங்கிக் கணக்கு எண் மட்டும் மாறிய புரொஃபார்மா இன்வாய்ஸை அனுப்புவான். “எங்கள் வங்கியில் தணிக்கை நடக்கிறது, இந்த முறை இந்தக் கணக்குக்கு அனுப்புங்கள்.” வாங்குநருக்குச் சந்தேகம் வர இடமே இல்லை. உண்மையான முகவரியிலிருந்துதானே மெயில் வந்திருக்கிறது? அவர் திருப்பிக் கேட்டாலும் அந்தக் கேள்வி குப்பைக்குப் போய்விடும். பணம் வரவில்லையே என்று இங்கே யாரோ தேடத் தொடங்கும்போது வாரங்கள் ஓடியிருக்கும்.

உலகம் முழுக்க ஏற்றுமதி, இறக்குமதி நிறுவனங்களைக் குறிவைக்கும் மோசடி இது. ஒரு சரக்கின் முழுப் பணமும் போய்விட்டால் சின்ன நிறுவனம் எழுந்து நிற்பது கஷ்டம். அதனால் வெளியாருடன் பணம் பற்றிப் பேசும் ஒவ்வொருவரையும், அவர் எவ்வளவு புதியவராக இருந்தாலும், முதல் வரிசையில் வையுங்கள்.

நம் உதாரண நிறுவனத்தில் மூன்று குழுக்கள் வரும். முதல் குழுவில் எல்லா உரிமைகளும் உள்ள சூப்பர் அட்மின்களும் மற்ற அட்மின்களும். இரண்டாவதில் எம்.டி., அக்கவுண்ட்ஸ், எச்.ஆர்., மெர்ச்சண்டைசிங், ஷிப்பிங். மூன்றாவதில் மீதி எல்லாரும். மூன்றுக்குமே கட்டாயம்தான். தேதியும் கடுமையும்தான் வேறுபடும்.

படி 3: எந்தக் குழுவுக்கு எந்த முறை

எல்லா முறைகளும் ஒரே பலம் கொண்டவை அல்ல. எஸ்.எம்.எஸ். ஓ.டி.பி. எதுவும் இல்லாததைவிட நிச்சயம் மேல். ஆனால் மொபைல் நிறுவனத்தை ஏமாற்றி உங்கள் எண்ணுக்கு வேறு சிம் வாங்கிவிட்டால் ஓ.டி.பி. திருடனுக்குப் போய்விடும். 2018இல் ரெடிட் நிறுவனத்தின் ஊழியர் கணக்குகளை எஸ்.எம்.எஸ்ஸை இடைமறித்தே உடைத்தார்கள். வெளிநாட்டுப் பயணத்தில் ரோமிங் இல்லையென்றால் உங்கள் ஆளே உள்ளே போக முடியாமல் நிற்பார். அத்தென்டிகேட்டர் ஆப்புக்கு சிக்னலும் வேண்டாம், இணையமும் வேண்டாம்.

போன் திரையில் ‘ஆம்’ என்று தட்டும் முறை எளிமையானது. அதன் பலவீனம் ஆளின் சோர்வு. 2022 செப்டம்பரில் ஊபர் நிறுவனத்தின் ஒப்பந்த ஊழியர் ஒருவருக்கு அனுமதி கேட்டுத் திரும்பத் திரும்பச் செய்தி வந்தது. கடைசியில் அவர் ஒன்றை அனுமதித்துவிட்டார், ஊடுருவல் நடந்துவிட்டது. தானாக லாகின் செய்யாதபோது வரும் அனுமதிக் கோரிக்கைக்கு “இல்லை” என்று அழுத்தி உடனே உங்களைக் கூப்பிட வேண்டும் என்று எல்லாரிடமும் சொல்லி வையுங்கள்.

ஆப்பில் வரும் ஆறு இலக்க எண்ணையும் போலிப் பக்கத்தில் தட்டச்சு செய்ய வைத்துத் திருட முடியும். செக்யூரிட்டி கீயிலும் பாஸ்கீயிலும் அது நடக்காது. அவை தளத்தின் உண்மையான முகவரியோடு கட்டப்பட்டவை, போலிப் பக்கத்துக்குப் பதில் சொல்லவே மாட்டா. கூகுள் 2017இன் தொடக்கத்தில் தன் 85,000க்கும் மேற்பட்ட ஊழியர்களுக்குச் செக்யூரிட்டி கீயைக் கட்டாயமாக்கியது. அதன் பிறகு ஃபிஷிங்கால் (போலிப் பக்கம் காட்டி ஏமாற்றித் திருடுவதால்) ஊழியர் கணக்கு எதுவும் பறிபோகவில்லை என்று 2018இல் அறிவித்தது. 2022 ஜூலையில் கிளவுட்ஃபிளேர் நிறுவன ஊழியர்கள் சிலர் போலிப் பக்கத்தில் பாஸ்வேர்டைக் கொடுத்தே விட்டார்கள். எல்லாரிடமும் செக்யூரிட்டி கீ இருந்ததால் திருடர்களால் உள்ளே போக முடியவில்லை.

ஆகவே முதல் குழுவுக்குச் செக்யூரிட்டி கீ மட்டும், ஆளுக்கு இரண்டு. ஒன்று கையில், ஒன்று பூட்டிய இடத்தில். இரண்டாம் குழுவுக்கு எஸ்.எம்.எஸ். தவிர மற்றவை. வெளிநாட்டுப் பணம் கையாள்பவர்களுக்கு நிறுவனம் செலவு செய்து கீ வாங்கிக் கொடுத்தால் மிக நல்லது. மூன்றாம் குழு எந்த முறையிலும் தொடங்கட்டும். எஸ்.எம்.எஸ்ஸை மட்டும் ஒரு வருஷத்துக்குள் நிறுத்தத் திட்டமிடுங்கள்.

படி 4: விலக்குக் கேட்டு வருபவர்கள்

இங்கேதான் உங்கள் உறுதி தேவைப்படும்.

எம்.டி. சொல்வார்: “எனக்கு இதெல்லாம் வேண்டாம்பா, அவசரத்துல போனைத் தேடிக்கிட்டு இருக்க முடியாது.” அவரிடம் விதியைப் பேசாதீர்கள், பணத்தைப் பேசுங்கள். “சார், உங்க மெயில்ல இருந்து ‘இந்தப் பார்ட்டிக்கு உடனே பணம் போடுங்க’ன்னு வந்தா அக்கவுண்ட்ஸ்ல யாரும் திருப்பிக் கேக்க மாட்டாங்க. அதனாலதான் உங்களுக்கு முதல்ல.” கூடவே, அவருடைய லேப்டாப்பையும் போனையும் நம்பகமான கருவிகளாகப் பதிவு செய்துவிட்டால் தினமும் கேட்காது என்பதையும் காட்டுங்கள். உட்கார்ந்து பத்து நிமிடத்தில் நீங்களே அமைத்துக் கொடுங்கள். நான் பார்த்தவரை, எதிர்ப்பில் பாதி எப்படிச் செய்வது என்று தெரியாத தயக்கம்தான்.

ஸ்மார்ட்போன் இல்லாதவர்கள், தொழிற்கூடத்துக்குள் போன் கொண்டுபோக அனுமதியில்லாதவர்கள் இருப்பார்கள். முதலில் அவர்களுக்குக் கணக்கு தேவையா என்று பாருங்கள். தேவையென்றால் செக்யூரிட்டி கீ கொடுங்கள், போனே வேண்டியதில்லை. கீ தொலைந்தால் பயன்படுத்த, காகிதத்தில் அச்சிட்ட பேக்கப் கோடுகளையும் (முன்கூட்டியே எடுத்து வைக்கும் ரகசிய எண்கள்) கொடுத்து வைக்கலாம். கூகுளில் ஒரு முறைக்குப் பத்துக் கோடுகள் கிடைக்கும், ஒவ்வொன்றும் ஒரு தடவைக்கு மட்டும்.

சொந்த போன் எண்ணைக் கொடுக்கத் தயங்கும் பெண் ஊழியர்களும் உண்டு. அந்தத் தயக்கத்தை மதியுங்கள். எண் அலுவலகத்தில் யார் கண்ணில் படும் என்ற கவலை நியாயமானது. அத்தென்டிகேட்டர் ஆப்பைப் பயன்படுத்தும்போது எண் தரவேண்டிய அவசியமில்லை என்று அவர்களிடம் தெளிவாகச் சொல்லுங்கள். அதையும் சொந்த போனில் போட விருப்பமில்லை என்றால் ஒரு கீ வாங்கிக் கொடுப்பது நிறுவனத்தின் கடமை.

பொதுக் கணக்குகள் பெரிய தலைவலி. அக்கவுண்ட்ஸ் கணக்கில் நான்கு பேர் ஒரே பாஸ்வேர்டில் நுழைந்தால் ஓ.டி.பி. யார் போனுக்குப் போகும்? “அண்ணா, ஓ.டி.பி. சொல்லுங்க” என்று போனில் கேட்டு வாங்கும் பழக்கம் அங்கே உருவாகிவிடும். திருடன் நாளை அதே வாக்கியத்தைச் சொல்லிக் கேட்பான். இதற்கு விலக்கு தீர்வல்ல. அந்த முகவரியை, வரும் மெயில் பலருக்கும் போய்ச் சேரும் கூகுள் குரூப்பாக மாற்றுங்கள், அல்லது ஜிமெயிலின் டெலிகேஷன் வசதியில் நால்வரையும் சேருங்கள். ஒவ்வொருவரும் தத்தம் லாகினில் வந்து அந்த மெயில்பெட்டியைப் பார்ப்பார்கள். யார் என்ன அனுப்பினார்கள் என்பதும் தெரியும்.

வெளி ஆடிட்டர், பகுதிநேர டிசைனர், இணையதளக்காரர் இவர்கள் “நம்ம ஆள் இல்லையே” என்று விடுபட்டுப் போவார்கள். ஊபரில் ஏமாந்தவரும் ஒப்பந்த ஊழியர்தான். உங்கள் அமைப்பில் கணக்கு இருந்தால் உங்கள் விதி பொருந்தும்.

ஸ்கேனர் போன்ற கருவிகளால் இரண்டாவது சான்றைத் தர முடியாது. பலரும் ஆப் பாஸ்வேர்டு என்ற 16 எழுத்துக் குறியீட்டை உருவாக்கிப் போட்டுவிடுகிறார்கள். அந்தக் குறியீடு எம்.எஃப்.ஏ.வைக் கேட்காமலே உள்ளே விடும் என்பதை நினைவில் வையுங்கள். ஒரு ஊழியரின் கணக்கில் அதை ஒருபோதும் உருவாக்காதீர்கள். உங்கள் இணைய இணைப்புக்கு மாறாத ஐ.பி. முகவரி இருந்தால், கருவிகளின் மெயிலை அனுப்பித் தரும் கூகுளின் எஸ்.எம்.டி.பி. ரிலே சேவையில் அந்த முகவரிக்கு மட்டும் அனுமதி கொடுக்கலாம். இல்லையென்றால் எந்த உரிமையும் இல்லாத தனிக் கணக்கு ஒன்றை ஸ்கேனருக்கென்று வைத்து, ஆப் பாஸ்வேர்டை அதில் மட்டும் உருவாக்குங்கள்.

“அலுவலகத்துக்குள் இருந்தால் கேட்க வேண்டாம், வெளியே இருந்தால் மட்டும் கேட்கட்டும்” என்று சிலர் யோசனை சொல்வார்கள். எனக்கு இதில் உடன்பாடில்லை. சாதாரண பிராட்பேண்ட் இணைப்பில் ஐ.பி. முகவரி மாறிக்கொண்டே இருக்கும். அதோடு, அலுவலக வைஃபை பாஸ்வேர்டு எத்தனை பேருக்குத் தெரியும் என்று எண்ணிப் பாருங்கள்.

இவ்வளவுக்குப் பிறகும் சில விலக்குகள் மிஞ்சும். அவற்றை ஒரு ஷீட்டில் எழுதுங்கள். எந்தக் கணக்கு, ஏன், எதுவரை, யார் ஒப்புதல், அதற்குப் பதிலாக என்ன பாதுகாப்பு என்ற ஐந்து கட்டங்கள் போதும். ஒரு வரி இப்படி இருக்கும்: “ஸ்கேனர் கணக்கு. இயந்திரத்துக்கு இரண்டாவது சான்று தரும் வசதி இல்லை. அடுத்த மார்ச் 31 வரை. ஒப்புதல்: பொது மேலாளர். டிரைவ் முடக்கப்பட்டது, வெளியாருக்கு அனுப்ப முடியாது.” முடிவுத் தேதி இல்லாத விலக்கை ஏற்காதீர்கள். கலோனியலின் அந்தப் பழைய வி.பி.என். கணக்குக்கு இப்படி ஒரு வரி இருந்திருந்தால் யாராவது ஒருநாள் அதைக் கேட்டிருப்பார்கள்.

படி 5: நீங்களே வெளியே மாட்டிக்கொள்ளாமல் இருக்க

சூப்பர் அட்மின் ஒரே ஒருவர் என்றால், அவர் போன் தொலையும் நாளில் நிறுவனமே வெளியே நிற்கும். குறைந்தது இரண்டு சூப்பர் அட்மின் கணக்குகள் வேண்டும். இரண்டுமே தினசரி மெயில் பார்க்கும் கணக்காக இருக்கக் கூடாது. உங்கள் அன்றாட வேலைக்குச் சாதாரணக் கணக்கு, அட்மின் வேலைக்குத் தனிக் கணக்கு.

இரண்டில் ஒன்றை அவசரக் கணக்காக வையுங்கள். நீளமான பாஸ்வேர்டை எழுதி உறையில் போட்டு, செக்யூரிட்டி கீயோடு நிறுவனப் பெட்டகத்தில் வைத்துவிடுங்கள். பெட்டகம் யாரிடம் என்பது எம்.டி.க்கும் தெரிந்திருக்கட்டும். ஆறு மாதத்துக்கு ஒருமுறை எடுத்து லாகின் ஆகிறதா என்று பாருங்கள். அந்தக் கணக்கில் வேறு எப்போது லாகின் நடந்தாலும் எச்சரிக்கை மெயில் வரும்படி அமையுங்கள். இதற்கும் எம்.எஃப்.ஏ. உண்டு. அவசரத்துக்கு என்று சொல்லி அதைத் திறந்து வைக்கக் கூடாது.

படி 6: தேதி குறிப்பது

ஒரே நாளில் எல்லாருக்கும் கட்டாயமாக்க வேண்டாம். பெரிய அமைப்புகளும் கட்டம் கட்டமாகத்தான் போயிருக்கின்றன. புரோகிராம் கோடு எழுதிப் பங்களிப்பவர்கள் அனைவருக்கும் இரண்டாம் சான்று என்று முடிவெடுத்த, புரோகிராம்களைச் சேமித்துப் பகிரும் தளமான கிட்ஹப், 2023 மார்ச்சிலிருந்து அவர்களைக் குழு குழுவாகச் சேர்த்தது. ஜி.எஸ்.டி.யின் இ-வே பில், இ-இன்வாய்ஸ் தளங்களில் இரண்டாம் சான்று முதலில் 100 கோடி ரூபாய்க்கு மேல் வர்த்தகம் உள்ளவர்களுக்கு வந்தது. 2025 ஜனவரியில் 20 கோடிக்கு மேல் என்று இறங்கி, 2025 ஏப்ரல் 1 முதல் எல்லாருக்கும் ஆனது.

உங்கள் முதல் குழுவை இந்த வாரமே முடியுங்கள். அட்மின்களுக்கு அவகாசம் தேவையில்லை. இரண்டாம் குழுவுக்கு இரண்டு வாரம், மூன்றாவதற்கு ஒரு மாதம் சரியாக இருக்கும். அக்கவுண்ட்ஸுக்கு நாள் குறிக்கும்போது மாதம் 11ஆம் தேதியையும் 20ஆம் தேதியையும் தவிருங்கள். ஜி.எஸ்.டி. ரிட்டர்ன் நெருக்கடியில் யாருக்காவது லாகின் ஆகவில்லை என்றால் முழுத் திட்டத்தின் மீதும் வெறுப்பு வந்துவிடும். சம்பள நாளும் வேண்டாம், சனிக்கிழமையும் வேண்டாம். செவ்வாய் அல்லது புதன் காலை நல்லது, அன்று முழுக்க நீங்கள் இருக்கையில் இருப்பீர்கள்.

அறிவிப்பை எளிய தமிழில் எழுதுங்கள். இப்படி:

“அனைவருக்கும் வணக்கம். வரும் 24ஆம் தேதி செவ்வாய்க்கிழமை முதல், அலுவலக மெயிலுக்குள் போகப் பாஸ்வேர்டோடு இன்னொரு சான்றும் வேண்டும். அதற்குள் உங்கள் கணக்கில் பதிவு செய்துகொள்ளுங்கள். பதிவு செய்யாதவர்களால் அன்று லாகின் செய்ய முடியாது. 17, 18 தேதிகளில் மதியம் 2 முதல் 4 வரை மீட்டிங் ரூமில் இருப்பேன், போனோடு வந்தால் சேர்ந்து செய்துவிடலாம். சொந்த போன் எண் தர விருப்பமில்லாதவர்கள் என்னிடம் தனியாகச் சொல்லுங்கள், வேறு வழி இருக்கிறது. பாஸ்வேர்டையோ ஓ.டி.பி.யையோ நான் உட்பட யார் கேட்டாலும் சொல்லாதீர்கள்.”

படி 7: கன்சோலில் செய்வது

செக்யூரிட்டி, அதற்குள் அத்தென்டிகேஷன், அதற்குள் 2-ஸ்டெப் வெரிஃபிகேஷன் என்று போங்கள். முதலில் நிறுவனம் முழுவதற்கும் “பயனர்கள் ஆன் செய்துகொள்ளலாம்” என்ற பெட்டியைத் தட்டுங்கள். இது அனுமதி மட்டும்தான், கட்டாயம் இல்லை. பிறகு இடப்பக்கம் பிரிவையோ குழுவையோ தேர்ந்தெடுத்து, அதற்கு மட்டும் கட்டாயத்தைத் தேதியோடு அமையுங்கள். அங்கேயே எந்த முறைகளை அனுமதிப்பது என்பதும் இருக்கும். எதையும், எஸ்.எம்.எஸ்ஸும் போன் அழைப்பும் தவிர, செக்யூரிட்டி கீ மட்டும் என்று மூன்று வாய்ப்புகள். படி 3இல் எடுத்த முடிவு அப்படியே இதில் பொருந்திவிடும்.

புதிதாகச் சேர்பவர்களுக்கு அவகாசம் தரும் இடத்தில் ஒரு வாரம் வையுங்கள். அது இல்லாவிட்டால் முதல் நாளே அவர்கள் உள்ளே வர முடியாது. பலர் மாறி மாறி உட்காரும் கம்ப்யூட்டர்கள் உள்ள பிரிவில் “இந்தக் கருவியை நம்பு” என்ற வசதியை அணைத்துவிடுங்கள்.

கட்டாயத் தேதிக்கு முந்தைய நாள் ரிப்போர்ட்டைத் திறந்து, இன்னும் பதிவு செய்யாதவர்களின் பெயரை எடுத்து நேரில் போய்ப் பாருங்கள். இன்னொரு மெயில் அனுப்புவதைவிட மேசைக்குப் போவது வேலையை முடிக்கும். விடுப்பில், பிரசவ விடுப்பில் இருப்பவர்களை இப்போதே தனிக் குழுவில் சேர்த்து, திரும்பி வரும் தேதியை விலக்கு ஷீட்டில் எழுதுங்கள். கட்டாயம் இல்லாத பிரிவிலிருந்து கட்டாயம் உள்ள பிரிவுக்கு ஒருவரை மாற்றும்போதும் அவர் ஏற்கெனவே பதிவு செய்திருக்கிறாரா என்று பார்த்துவிட்டு மாற்றுங்கள்.

மைக்ரோசாஃப்ட் 365 என்றால்

தனிச் செலவு இல்லாமல் கிடைப்பது செக்யூரிட்டி டிஃபால்ட்ஸ். அதை ஆன் செய்தால் எல்லாரும் எம்.எஃப்.ஏ.வுக்குப் பதிவு செய்ய வேண்டும், அட்மின்களிடம் எப்போதும் கேட்கும். யாருக்கும் விலக்குத் தர முடியாது. சின்ன நிறுவனத்துக்கு அது குறையல்ல, நல்லதே. குழுவாரியாகத் தீர்மானிக்க வேண்டுமென்றால் கண்டிஷனல் ஆக்சஸ் தேவை. அது மைக்ரோசாஃப்டின் லாகின் சேவையான என்ட்ரா ஐடியின் பி1 உரிமத்தில் வரும், பிசினஸ் பிரீமியம் திட்டத்தில் அது சேர்ந்தே இருக்கிறது. அதில் புதிய விதியை முதலில் ‘ரிப்போர்ட்-ஒன்லி’ நிலையில் ஓட விடுங்கள். யாரும் தடைபடாமல், விதி அமலில் இருந்தால் யார் யார் மாட்டியிருப்பார்கள் என்பது லாகின் பதிவில் தெரியும். ஒரு வாரம் பார்த்துவிட்டு ஆன் செய்யலாம். ஷேர்டு மெயில்பாக்ஸ்களின் பின்னால் இருக்கும் கணக்குகளில் நேரடி லாகினைத் தடுத்துவிடுங்கள்.

பழைய வழிகாட்டிகள் சில, அவசரக் கணக்குக்கு எம்.எஃப்.ஏ. வேண்டாம் என்று சொல்லும். 2024 அக்டோபரிலிருந்து மைக்ரோசாஃப்ட் தன் அட்மின் தளங்களுக்குள் போகும் எல்லாருக்கும் எம்.எஃப்.ஏ.வைக் கட்டம் கட்டமாகக் கட்டாயமாக்கியது. அவசரக் கணக்கும் அதில் அடங்கும். அதற்கும் ஒரு செக்யூரிட்டி கீ வாங்கி வையுங்கள்.

போன் தொலைந்துவிட்டது என்று ஒருவர் கூப்பிட்டால்

இதற்கு முன்கூட்டியே ஒரு விதி எழுதி வைக்காவிட்டால் மேலே செய்த எல்லாவற்றையும் ஒரு போன் அழைப்பில் கடந்து வந்துவிடலாம். திருடன் ஊழியர் பெயரைச் சொல்லி, “போன் தொலைஞ்சிடுச்சு, எம்.எஃப்.ஏ.வை எடுத்துவிடுங்க, மீட்டிங்ல இருக்கேன்” என்று பதற்றமாகப் பேசுவான்.

விதி இதுதான்: கூப்பிட்டவரின் அழைப்பைத் துண்டித்துவிட்டு, நிறுவனப் பதிவில் அவருக்கு இருக்கும் எண்ணுக்கோ, அந்த எண்தான் தொலைந்தது என்றால் அவருடைய மேலாளருக்கோ நீங்கள் கூப்பிட வேண்டும். நேரிலோ வீடியோவிலோ முகம் பார்த்த பிறகே எதையும் செய்ய வேண்டும். அப்போதும் எம்.எஃப்.ஏ.வை எடுக்காதீர்கள். அவருடைய பயனர் பக்கத்தில் பேக்கப் கோடுகளை உருவாக்கி ஒன்றை மட்டும் கொடுங்கள். உள்ளே வந்ததும் பழைய போனை நீக்கி, புதியதைப் பதிவு செய்யட்டும். எம்.டி.க்கும் இதே விதி, இதை அவரிடம் முன்பே சொல்லி வையுங்கள்.

மாதாமாதம் பார்க்க வேண்டியவை

கட்டாயம் அமலாகிவிட்ட பிறகு மாதத்துக்கு அரை மணி நேரம் ஒதுக்கினால் போதும். பயனர் ரிப்போர்ட்டில் பதிவு, கட்டாயம் என்ற இரண்டு பத்திகளையும் வடிகட்டுங்கள். கட்டாயம் இல்லை என்று காட்டும் ஒவ்வொரு கணக்கும் விலக்கு ஷீட்டில் இருக்க வேண்டும். இல்லையென்றால் யாரோ எங்கோ மாற்றியிருக்கிறார்கள், அன்றே விசாரியுங்கள். ஷீட்டில் தேதி தாண்டிய வரிகளைப் பாருங்கள். நீட்டிக்க வேண்டுமானால் ஒப்புதல் தந்தவரிடம் மறுபடி கையெழுத்து வாங்குங்கள், தானாக நீட்டிக்காதீர்கள். ஒருவர் பதவி மாறி அக்கவுண்ட்ஸுக்குப் போயிருந்தால் அவர் கணக்கும் இரண்டாம் குழுவுக்கு மாறியிருக்கிறதா என்று சரிபாருங்கள். வேலையை விடுபவரின் கடைசி நாள் பட்டியலில் கணக்கை முடக்குவதோடு அவரிடம் கொடுத்த செக்யூரிட்டி கீயைத் திரும்ப வாங்குவதையும் சேர்க்கும்படி எச்.ஆரிடம் சொல்லுங்கள். அந்தக் கீயைப் பழைய கணக்கிலிருந்து நீக்கிவிட்டு அடுத்து வருபவருக்குக் கொடுக்கலாம்.